எஸ்டி40-2 மாடலுக்கு அழுக்கேற்றுதல்: கூரையிலிருந்து போகி வரை

எடுத்துக்கொண்டது கனடியன் பசிபிக் ரயில்வேயின் எஸ்டி40-2 சரக்கு டீசல் எஞ்சின். எச்ஓ அளவு, அதாவது 1:87. நிஜ எஞ்சின் 21 மீட்டர், மாடல் 24 செ.மீ. ஒன்டாரியோவின் லண்டன் நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் கட்டப்பட்டு 1972 முதல் இந்த ரயில்வேக்கு வந்த வகை இது. 16 சிலிண்டர், 3000 குதிரைத்திறன். ராக்கி மலை ஏற்றங்களில் நிலக்கரியும் கோதுமையும் இழுத்தே தேய்ந்தவை. பெட்டியிலிருந்து எடுக்கும் மாடலில் அந்த உழைப்பின் சுவடே இருக்காது.

முதல் வேலை, எஞ்சினின் சிவப்புப் பெயிண்டை வெயிலில் வெளுத்தது போலாக்குவது. வெள்ளை கலந்தால் ரோஸ் நிறமாகிவிடும். வெளிர் மஞ்சள்பழுப்பும் துளி ஆரஞ்சும் கலந்து, ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்பது பங்கு தின்னர் விட்டு, ஏர்பிரஷ்ஷில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மூன்று நான்கு தடவை மெல்லியதாக அடிக்க வேண்டும். கூரையில் அதிகம், பக்கவாட்டில் குறைவு. எஞ்சினை மூடிய நீளமான உறையான ஹூடின் பின்முனையில் உள்ள கறுப்பு முக்கோணமும் வெள்ளை அரைவட்டமும் சேர்ந்த ரயில்வே சின்னத்தின் மேலும் இது படியட்டும். சின்னம் மட்டும் புதுசாக நின்றால் ஒட்டியது போலத் தெரியும்.

அடுத்தது புகைபோக்கி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நம் ஊரின் பழைய டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் கிளம்பும்போது கக்கிய கரும்புகையைப் பார்த்துப் பழகிய கண், இதற்கும் கூரை முழுக்கக் கரியை அப்பிவிடும். இந்த எஞ்சினில், சிலிண்டர்களுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைக் குறைந்த வேகத்தில் கியர் சுழற்றுகிறது. வேகம் ஏறி வெளியேறும் புகையின் வலு போதுமானதும் கிளட்ச் விடுபட்டு, டர்போ தானே ஓடும். அதனால் காற்றுப் பற்றாக்குறையால் வரும் புகை குறைவு. ஆனால் வேறொன்று உண்டு. குளிர்நீரில் உறைதடுப்பு திரவம் கலப்பதில்லை என்பதால் பனிக்காலத்தில் எஞ்சினை நிறுத்தாமல் சும்மாவே மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். எரியாத எண்ணெய் புகைக்குழாயில் சேர்ந்து, திரும்ப வேகம் எடுக்கும்போது வெளியே தெறிக்கும். ஆகவே புகைபோக்கியின் வாயைச் சுற்றி இரண்டு செ.மீ.க்குள் மட்டும் எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு. ஓவியர்களின் ஆயில் பெயிண்டில் கறுப்பும் அடர்பழுப்பும் சேர்த்து, துளி பளபளப்பு வார்னிஷ் விட்டால் அந்த ஈரம் அப்படியே வருகிறது. அதற்குப் பின்னால், மோட்டார்களால் வேகத்தைக் குறைத்துச் சூட்டை வெளியேற்றும் டைனமிக் பிரேக்கின் மூடியில் கரி வேண்டாம். சூட்டில் மங்கிய சிவப்பு போதும்.

பின்பக்க ரேடியேட்டர்களுக்குக் கீழே நீர் வழிந்த வெளிர்சாம்பல் கோடுகள், 0000 தூரிகையில், மேலிருந்து கீழாக.

போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், தண்டவாளத் துருவும் பிரேக் கட்டைத் தூளும் சேர்ந்த பழுப்பு. பேஸ்டல் சாக்பீஸ் தூள் நல்ல பலன் தரும். மேலே வார்னிஷ் அடித்ததும் பாதி மறைந்துவிடும் என்பதால், கண்ணுக்கு அதிகம் என்று படும் அளவு போடுங்கள். சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய்களின் நுனிகளில் சக்கரத்தை ஒட்டி வெளிர்மணல் நிறம். சக்கரங்களின் ஓடுபரப்பில் பெயிண்ட் பட்டால் மின்சாரம் எடுக்காது, மாடல் திக்கித் திக்கி ஓடும். ஆல்கஹால் தொட்ட துணியால் அதைத் துடைத்தாக வேண்டும்.

அதே ஆல்கஹால் லாக்கர் வகை மேட் வார்னிஷ் மேல் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். பயந்து சுரண்ட வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு மெல்லிய மேட் பூச்சு போட்டால் மறைகிறது. ஜன்னல்களை மட்டும் முன்பே மறைத்து ஒட்டிவிடுங்கள்.

மீதி இருப்பது டீசல் டேங்க்: நிரப்பும் வாய்க்குக் கீழே மட்டும் ஈரக் கறை, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல்.