எண்டர் தட்டினால் கீழே போகிறது: எங்கள் சொசைட்டி எக்செல் அனுபவம்

நாங்கள் இருப்பது மும்பை செம்பூரில், மூன்று கட்டடங்கள் கொண்ட ஒரு பழைய சொசைட்டி, அதாவது வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். 46 வீடுகள், தரைத்தளத்தில் 2 கடைகள். ஏறக்குறையப் பாதி தமிழ்க் குடும்பங்கள். 11 வருடம் பொருளாளராக இருந்த கீழ்வீட்டு மாமா கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு, பொதுக்குழுவில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஆப்களுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். எந்தப் பட்டன் எங்கே இருந்தால் விரல் எளிதாகப் போகும் என்று நாள் முழுக்க யோசிக்கிற வேலை. ஆனால் எக்செல் ஷீட்டும் ஒரு திரைதான், அதன் முன்னாலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

முதல் காலாண்டு பில் போட்டு முடித்தோம். பாக்கி வைத்தவர்களைக் கழித்துப் பார்த்தால் வங்கியில் 18,900 ரூபாய் கூடுதலாக இருந்தது. குறைந்திருந்தால் யார் கட்டவில்லை என்று தேடலாம். கூடினால் எங்கே போய்த் தேடுவது? இரண்டு இரவு உட்கார்ந்தேன். கடைசியில் மொத்தம் போட்டிருந்த செல்லில், ஃபார்முலாவைத் திறந்து காட்டும் எஃப்2 பட்டனைத் தட்டியதும் விஷயம் புரிந்தது. கூட்டலுக்கான வண்ணக் கட்டம் 4-ஆம் வரிசையில் தொடங்கி 49-ஆம் வரிசையில் நின்றுவிட்டது. பின்னால் உறுப்பினரான இரண்டு கடைகளும் 50, 51-ஆம் வரிசைகளில், கட்டத்துக்கு வெளியே இருந்தன. கடைக்காரர்கள் ஒழுங்காகப் பணம் கட்டிவந்திருக்கிறார்கள். எங்கள் மொத்தத்தில்தான் அவர்கள் இல்லை.

இந்த மாதிரித் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அரசுக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010-இல் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே ஷீட்டை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்த ஃபார்முலாவில் 20 நாடுகளில் 15 மட்டுமே இருந்தன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன. மாமாவின் கவனக்குறைவு என்று நான் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். விடை மட்டும் கண்ணுக்குத் தெரிந்து, அது வந்த வழி செல்லுக்குள் ஒளிந்திருந்தால் யாராக இருந்தாலும் தவறுவார்கள்.

அப்புறம் வட்டி. எங்கள் துணைவிதிப்படி பாக்கிக்கு வருடத்துக்கு 21 சதவீதம் தனிவட்டி, அதாவது மாதத்துக்கு 1.75. இந்த எண் 48 ஃபார்முலாக்களுக்குள்ளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. அதில் ஏழு வரிசைகளில் மட்டும் 1.5. எப்போதோ வட்டி 18 சதவீதமாக இருந்த காலத்து எண், மாற்றும்போது விட்டுப்போனது. தாமஸ் கிரீன் என்ற ஆய்வாளர் இப்படிக் கண்ணில் படாத தொடர்புகளுக்கு ‘மறைந்திருக்கும் சார்புகள்’ என்று பெயர் வைத்தார். ஒரு செல்லைத் தொட்டால் அது எங்கிருந்து எடுக்கிறது என்று தெரியும். அதை நம்பி இருக்கிற செல்கள் எவை என்று, தேடிப் போனால் ஒழிய, தெரியாது.

என்னை உண்மையிலேயே உலுக்கியது வேறு. 2-11 வீட்டுப் பாட்டி ஒருநாள் வங்கிச் சீட்டோடு வந்தார். கட்டிய பணத்துக்கு வட்டியோடு நோட்டீஸ் போயிருந்தது. எங்கள் வீட்டு எண்கள் கட்டட எண், நடுவில் ஒரு சிறு கோடு, வீட்டு எண் என்ற முறையில் வரும். வரவு ஷீட்டில் 2-11 என்று அடித்ததும் எக்செல் அதை நவம்பர் 2 என்று எடுத்துக்கொண்டது. பில் ஷீட் 2-11-ஐத் தேடிக் கிடைக்காமல் பாக்கி என்று காட்டிவிட்டது. மாமாவிடம் கேட்டேன். “முன்னாடி ஒரு ஒத்தைக் கொட்டேஷன் போடணும்மா, நான் எப்பவும் போட்டுடுவேன்” என்றார். அவர் விரலுக்கு அது தெரியும். ஷீட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மரபணு ஆய்வாளர்கள் பட்ட பாடும் இதுவே. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை எக்செல் மார்ச் முதல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயர்களை முடிவு செய்யும் குழு அதை மார்ச்எஃப்1 என்று மாற்றியது. மனிதர்கள் கருவிக்காகப் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, புதிதாகவே செய்துவிடலாம் என்று இரண்டு சனி ஞாயிறுகளில் ஒரு ஷீட் தயாரித்தேன். வீட்டு எண்ணுக்குக் கீழிறங்கும் பட்டியல், ஃபார்முலா செல்களுக்குப் பூட்டு, அழகான வண்ணங்கள். சொசைட்டி ஆபீஸில் வரவு பதிவது தாராவியிலிருந்து வரும் ஓர் அக்கா. திருநெல்வேலிக்காரர், வேகமாக அடிப்பார். மூன்றாம் நாள் பார்த்தால் அவர் மாமாவின் பழைய ஃபைலையே திறந்து வைத்திருந்தார்.

ஏன் என்று கேட்டால் “இதுவே பழகிப்போச்சும்மா” என்றார். அந்தப் பதிலில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் கேட்பதை விட்டேன். மூன்று மாலை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் எழுதினேன். வேலையில் பயனர் சோதனை என்று நூறு முறை செய்திருக்கிறேன். என் சொந்தச் சொசைட்டியில் செய்யத் தோன்ற இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அவர் வலது கை எண் பலகையை விட்டு நகரவே இல்லை. தொகை அடித்து, அங்கேயே இருக்கும் எண்டரைத் தட்டுகிறார். என் ஷீட்டில் எண்டர் கீழே போகிறது. அவருக்கு வலப்பக்கம் போக வேண்டும். டேப் பட்டன் விசைப்பலகையின் மறுகோடியில் இருக்கிறது. ஒரு வரவுக்கு மூன்று முறை கை அங்கே போய் வர வேண்டும். என் பட்டியலில் 48 பெயர்களை உருட்டித் தேடுவதற்குள் பழைய ஃபைலில் இரண்டு வரவு பதிந்துவிடுவார். வங்கி அறிக்கையில் தேதி, விவரம், தொகை என்ற வரிசை. என் ஷீட்டில் வீட்டு எண், பெயர், தேதி, தொகை. ஒவ்வொரு வரிக்கும் கண் குறுக்கும் நெடுக்கும் ஓட வேண்டியிருந்தது. வரிசை மாறாமல் இருக்கத் திரையின் மேலேயே ஓர் அடிஸ்கேலை வைத்துக்கொண்டார். அந்த ஸ்கேலைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டாவது முறை குறைவாகத்தான் செய்தேன். வரவு ஷீட்டின் பத்திகள் வங்கி அறிக்கையின் வரிசையிலேயே. ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு இளம் சாம்பல் நிறம், ஸ்கேல் வேண்டாம். வீட்டு எண் பத்தி முழுவதும் முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்தேன், இனி 2-11 நவம்பருக்குப் போகாது. அக்காவிடம் கேட்டுவிட்டு, ஆபீஸ் கணினியில் மட்டும் எண்டர் வலப்பக்கம் போகும்படி எக்செல் ஆப்ஷன்ஸில் மாற்றினேன். தரவை டேபிளாக மாற்றியதால் புது வரிசை சேர்த்தால் கூட்டலும் தானாக நீள்கிறது. மொத்தத்தை அடியிலிருந்து எடுத்து உச்சியில், தலைப்புக்கு மேலே வைத்தேன். வட்டி, சிங்கிங் ஃபண்ட் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு), தண்ணீர்க் கட்டணம் எல்லாம் ‘விகிதங்கள்’ என்ற தனி ஷீட்டில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு இடத்தில்.

பட்டியலை எடுத்துவிட்டேன். அதை நம்புவதும் ஆபத்து. வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் எக்செல் அந்தக் கட்டுப்பாட்டைச் சோதிக்காமலே விட்டுவிடும். பதிலாக உச்சியில் ஒரு செல்: பில் தொகையிலிருந்து வரவும் பாக்கியும் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ‘கணக்கு சேரவில்லை’ என்று எழுத்திலேயே சொல்லும்.

வண்ணங்களுக்குத்தான் அதிக நாள் ஆனது. மாமா மஞ்சள், பச்சை, ரோஸ் என்று நிரப்பியிருந்தார். மஞ்சள் செக் திரும்பியது. பச்சை முன்பணம். ரோஸ் என்னவென்று அவருக்கே சற்று யோசிக்க வேண்டியிருந்தது. “ஆங், வாடகைக்கு விட்ட வீடு!” அந்த வீடுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் அதை வாங்கக் கூடாது என்பது மகாராஷ்டிர அரசின் விதி. வருமானம் ஒன்று வெறும் நிறமாக மட்டும் இருந்திருக்கிறது. நிறத்தைக் கூட்ட ஃபார்முலா கிடையாது. அறிவிப்புப் பலகைக்குக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் நிறமே இராது. ‘நிலை’ என்று ஒரு பத்தி போட்டு வார்த்தையில் எழுத வைத்தேன். வார்த்தையைப் பார்த்து எக்செல் தானே நிறம் தீட்டட்டும். மாமாவின் மூன்று நிறங்களையும் மாற்றவில்லை.

பானி நார்டி, ஜேம்ஸ் மில்லர் இருவரும் 1990 வாக்கில் ஷீட் பயன்படுத்துபவர்களை அவர்களது இடங்களிலேயே போய்ப் பார்த்து ஆராய்ந்தார்கள். ஒருவர் தனியே செய்வது போலத் தெரிகிற வேலை உண்மையில் பலர் கூடிச் செய்வது என்று கண்டார்கள். எங்கள் ஃபைலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஃபார்முலாவுக்கு நான், பழைய விவகாரங்களுக்கு மாமா, தினசரிப் பதிவுக்கு அக்கா.

அக்டோபர் பில்லுக்கு முன் ஷீட்டைத் திறந்தபோது கடைசியில் நான் போடாத ஒரு பத்தி இருந்தது. தலைப்பு ‘யார் சொன்னாங்க’. பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் சொல்பவர்களின் பெயரையும் தேதியையும் அக்கா அதில் குறித்து வைத்திருந்தார். நோட்டீஸ் அடிக்கும் முன் அந்தப் பத்தியைப் பார்த்துவிடுகிறார். அன்றைக்கே ஷீட்டின் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்துவிட்டேன்.