இலவச முகவரியில் ஒரு தளம், தேடலில் வராத பதினான்கு பக்கங்கள்

பழைய எழுத்துருக்களைப் பற்றிப் பதினான்கு பக்கங்கள் கொண்ட சிறு தளம் ஒன்றை இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றி இரண்டு மாதங்கள் கழிந்த பிறகும், அதன் தலைப்பை எழுத்துக்கு எழுத்து கூகுளில் தட்டினால் எதை எதையோ காட்டியதே தவிர, என் தளத்தைக் காட்டவில்லை. இலவச முகவரி என்பதால்தான் தேடுபொறி ஒதுக்குகிறது என்று முடிவுகட்டிக்கொண்டு மேலும் சில வாரங்களை வீணாக்கினேன். ஆராய்ந்து பார்த்ததில், பழியின் பெரும்பகுதி ஹோஸ்டிங்கின் அமைப்பிலும் என் கவனக்குறைவிலும் இருந்தது.

அந்த ஹோஸ்டிங் நிறுவனம், வருவது மனிதரா நிரலா என்று அறிவதற்காக ஒவ்வொரு பக்கத்துக்கு முன்னாலும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் சோதனையை வைத்திருந்தது. உலாவி அதை இயக்கி, குக்கி என்னும் சிறு அடையாளத் தரவைப் பெற்று, அதே முகவரிக்குத் திரும்பி வந்த பிறகே உண்மையான பக்கம் கிடைக்கும். உலாவியில் மட்டுமே பார்த்துவந்த எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. உலாவி இல்லாமலே பக்கத்தைப் பெற்றுத் தரும் கர்ல் கட்டளையால் எடுத்துப் பார்த்தபோதோ, என் கட்டுரையின் ஒரு வரிகூட இல்லாமல் அந்தச் சோதனை நிரல் மட்டுமே வந்தது. தளங்களுக்கு வந்து பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கிராலர் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் என்றாலும் ஒரு பக்கத்தில் பெற்ற குக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. ஆகவே இத்தகைய வாசலிலேயே அது நின்றுவிடக்கூடும்.

தளத்தைக் கிட்ஹப் பேஜஸ் என்ற இன்னொரு ஹோஸ்டிங் சேவைக்கு மாற்றினேன். அடுத்த தவறு முழுக்க என்னுடையது. என் தளம் அங்கே முகவரியின் வேரில் (மேல்மட்ட அடைவில்) அல்லாமல் ஒரு துணை அடைவுக்குள் இருந்தது. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று கிராலர்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பையும் அந்த அடைவுக்குள்ளேயே வைத்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் இருக்கும் இடத்தை அதில் எழுதியிருந்தேன். கிராலர்கள் ரோபாட்ஸ் கோப்பை வேரில் மட்டுமே தேடும். 1994 முதல் வழக்கத்தில் இருந்து 2022இல் முறையான தரநிலையாக வெளியான விதி இது. அதை நான் படித்ததே இல்லை. ஆகவே சைட்மேப்பை, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் நேரடியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குத் தளம் நம்முடையது என்று முதலில் காட்ட வேண்டும். இலவச முகவரியில் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கான பதிவுகள்) நம் கையில் இல்லாததால், முழு டொமைனுக்கான உரிமையை நிறுவ முடியாது. முகவரி முன்னொட்டு என்ற வகையைத் தேர்ந்து, அவர்கள் தரும் ஹெச்டிஎம்எல் கோப்பை ஏற்றினால் போதும்.

சைட்மேப்பிலும் ஒரு கோளாறு இருந்தது. தளத்தை உருவாக்கும் நிரல், ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கங்களுக்கும் அன்றைய தேதியையே திருத்திய நாளாக எழுதிவந்தது. அந்தத் தேதி நம்பத்தக்கதாக இருந்தால்தான் கூகுள் அதைப் பயன்படுத்தும். சைட்மேப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதும் முன்னுரிமை எண்ணையும், பக்கம் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாறும் என்ற மாற்ற இடைவெளியையும் அது பொருட்படுத்துவதே இல்லை. நான் அந்த எண்களை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து சீர்செய்திருந்தேன்.

அதன் பிறகு சர்ச் கன்சோல் இரண்டு விதமான பதில்களைத் தந்தது. முகவரி தெரியும், இன்னும் வந்து எடுக்கவில்லை என்பது ஒன்று. வந்து படித்தாயிற்று, ஆனாலும் தேடல் அட்டவணையில் சேர்க்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதி எல்லாப் பக்கங்களுக்கும் மீண்டும் மீண்டும் கோரிக்கை அனுப்புவது பயனற்றது. முதல் வகைக்கு, ஏற்கெனவே அட்டவணையில் உள்ள வேறு தளங்களிலிருந்து வரும் இணைப்பே சிறந்த மருந்து. குப்பைத் தளங்கள் மலிந்த இலவச முகவரிகளில், புதியவருக்கு வேறு சிபாரிசு ஏது? இரண்டாம் வகையில் குறை பெரும்பாலும் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

பழைய வழிகாட்டிகள் சொல்லும் சைட்மேப் மாறியதைத் தேடுபொறிக்கு அறிவிக்கும் பிங் (ping) முறையைக் கூகுள் 2023இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் பிங் (Bing), யாண்டெக்ஸ் ஆகிய தேடுபொறிகள் 2021இல் தொடங்கிய, பக்க மாற்றங்களை உடனே தெரிவிக்கும் இண்டெக்ஸ்நவ் முறைக்கு, தளம் நம்முடையது என்று காட்டும் சாவிக் கோப்பைத் துணை அடைவில் வைத்தாலும் அந்த அடைவுக்குள் உள்ள பக்கங்களுக்கு அது செல்லுபடியாகும்.

எழுத்துரு ஆர்வலர்கள் இருவர் தங்கள் தளங்களிலிருந்து இணைப்புக் கொடுத்த பின், ஐந்து வாரங்களில் பதினொரு பக்கங்கள் தேடலில் வந்தன. எஞ்சிய மூன்றில் இரண்டு நான்கைந்து வரிகளே கொண்டவை என்பதால் அவற்றை ஒரே கட்டுரையாக இணைத்துவிட்டேன். மூன்றாவது வெறும் படத்தொகுப்பு. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.