விரிதாள் செய்முறைப் பரீட்சை: தயவுசெய்து நடுவில் இழுக்காதீர்கள்

பெறுபேறு வந்துவிட்டது, நான் சித்தியடைந்திருக்கிறேன். எங்கள் அணியில் வீலுக்அப்பை (பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துத்தரும் எக்செல் சார்பு) கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய இருவர் சித்தியடையவில்லை. யாழ்ப்பாணத்து டியூட்டரிகள் சார்புகளைத்தான் கரைத்துப் புகட்டுகின்றன. தரவு உள்ளிடுவதை யாரும் பாடமாகவே மதிப்பதில்லை. புள்ளிகள் கரைவதோ அங்கேதான்.

கலங்களை நடுவில் ஒழுங்குபடுத்தாதீர்கள். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இவ்வளவுதான். தாள் அழகாக இருக்கவேண்டும் என்று பலரும் செய்கிற முதல் வேலை அது. எக்செல் எண்ணையும் திகதியையும் வலப்பக்கம் ஒதுக்கும். எழுத்தை இடப்பக்கம் ஒதுக்கும். நடுவுக்கு இழுத்தால் அந்த அடையாளம் அழிந்துவிடும்.

பிறந்த திகதி நிரலைப் பாருங்கள். உள்ளிடத் தரும் படிவங்களில் 03/04/2001, 25/04/2001 என்று, நாள் முதலில் வரும்படி இருக்கின்றன. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் முதலாவது ஏப்ரல் 3ஆக இல்லாமல் மார்ச் 4 ஆகி வலப்பக்கம் போகும். 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் இரண்டாவது வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். வயது கணக்கிடும்போது அது பிழை காட்டும், பரவாயில்லை, திருத்தலாம். அந்த மார்ச் 4 அப்படியல்ல, சத்தமில்லாமல் கணக்கில் சேர்ந்துவிடும். இடப்பக்கம் ஒன்று ஒதுங்கி நின்றாலே முழு நிரலையும் சந்தேகியுங்கள்.

தட்டச்சு செய்யமுன் கலத்தின் வடிவத்தை டெக்ஸ்ட் (எழுத்து) ஆக்கவேண்டியவை:

- அடையாள அட்டை. புதிய 12 இலக்க எண் 1.99512E+11 என்று சுருங்கும்.
- தொலைபேசி. 021இன் முன் பூச்சியம் பறந்துவிடும்.
- வீட்டிலக்கம். ஒழுங்கைக்குள் இருக்கும் 12/3ஆம் வீடு திகதியாகிவிடும். பிறகு டெக்ஸ்ட் ஆக்கினாலும் திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும்.

எக்செல் பெயர்களைத் திகதியாக்கும் இந்தத் தொல்லையால் விஞ்ஞானிகள் சில மரபணுப் பெயர்களையே 2020இல் மாற்றினார்கள். மார்ச்1 என்ற மரபணு இப்போது மார்ச்எஃப்1. எக்செலோடு வாதாடிப் பயனில்லை.

வருமானம் சொல்லாதவருக்கு 0 போடாதீர்கள். சராசரி காணும் ஆவரேஜ் சார்பு வெற்றுக் கலத்தை விட்டுவிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

பகுப்பாய்வுக்குப் போகமுன் பிரதேச செயலாளர் பிரிவு நிரலுக்கு ஒரு பிவட் (ஒவ்வொரு பெயரையும் ஒரு நிரையாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடுங்கள். யாழ். மாவட்டத்தில் பிரிவுகள் 15. அதற்கு மேல் நிரைகள் வந்தால் எங்கோ சாவகச்சேரி சாவகசேரியாகியிருக்கிறது, அல்லது சண்டிலிப்பாயின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. இடைவெளியை டிரிம் என்ற சார்பு பார்த்துக்கொள்ளும். எழுத்துப்பிழைக்கு உங்கள் கண்தான். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்பு தந்தால் இன்னும் கவனம். திரையில் நல்லூர் என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோட் நல்லூரோடு ஒருநாளும் பொருந்தாது.

நான் இயல்பிலேயே மெதுவானவன், சந்தேகப் பிராணி. நேரத்தில் மூன்றிலொரு பங்கைச் சரிபார்ப்பதற்கே ஒதுக்கினேன். வரைபடத்துக்கு நிறம் தேடவில்லை. வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். அவர்கள் குறைந்தது, பட்டியலில் இல்லாததை உள்ளிட விடாத டேட்டா வலிடேஷனில் பிரிவுப் பட்டியலையாவது போட்டுவைக்கட்டும். ஆனால் வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் அந்தக் காவல் வேலை செய்யாது.