ஹூஸ்டன்ல எஸ்தடிஷியன் லைசென்ஸ் பரீட்சைக்கு படிக்கிறேன்: என் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18, 2019, ஞாயிறு

வியாழக்கிழமையோட எஸ்தடிஷியன் படிப்புக்கு, அதாவது முகம், தோல் பராமரிப்பு வேலைக்கு, வேண்டிய 750 மணிநேரம் முடிஞ்சிருச்சு. ஜனவரில சேர்ந்தது, திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் ஸ்கூல், வெள்ளி சனி ஞாயிறு கடையில த்ரெட்டிங் (நூலால புருவம் எடுக்கிறது), நடுவுல சமையல், பாப்பாவோட ஹோம்வொர்க், எப்படி ஓடுச்சுன்னே தெரியல. இனி ரிட்டன், அது பாஸானா பிராக்டிகல், ரெண்டுலயும் 70 எடுக்கணும்.

நிறைய பேர் கேக்குறாங்க, டெக்சாஸ்லதான் த்ரெட்டிங்குக்கு லைசென்ஸே வேண்டாமே, எதுக்கு காசு கட்டி இதைப் படிக்கிறேன்னு. வேண்டாம்தான். ஒரு கோர்ட் தீர்ப்பாலதான் நான் இன்னிக்கு நாலு காசு பாக்குறேன். 2015 மே மாசம் எச்-4ல, அதாவது வேலைக்கு வந்தவங்களோட துணைக்குக் குடுக்கிற விசாவுல, இருக்கிற கொஞ்சம் பேருக்கு வேலை பாக்க பர்மிட் குடுக்க ஆரம்பிச்சாங்க, அடுத்த மாசமே, ஜூன் 26, டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூணுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, வெறும் நூலை வச்சு புருவம் எடுக்கிறவங்க 750 மணிநேரம் படிச்சே ஆகணும்ங்கிறது அநியாயம்னு. அதுல 320 மணிநேரம் வரைக்கும் த்ரெட்டிங்குக்கு சம்பந்தமே இல்லாத பாடம்னு கேஸ்லயே வந்துச்சு. கேஸ் போட்டவங்க படேல்னு ஒருத்தரும் அவர மாதிரி த்ரெட்டிங் தொழில்ல இருக்கிற இன்னும் சிலரும். அவங்கள நான் பாத்ததில்ல, ஆனா மனசுல ஒரு கும்பிடு எப்பவும் உண்டு.

ஆனா புருவத்தைத் தாண்டி கை வைக்க முடியாதே. ஃபேஷியல் கேட்டு வர்றவங்கள எல்லாம் பக்கத்து சேருக்கு அனுப்பிட்டு நிக்கிறேன். அது ஒரு காரணம். இன்னொண்ணு இருக்கு, அதைப் பின்னாடி எழுதறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கால்வானிக் கரண்ட், அதாவது ஃபேஷியல்ல முகத்துக்கு விடுற லேசான மின்சாரம், மண்டையில ஏறவே மாட்டேங்குது. நெகட்டிவ் முனை காரம், அது தோலுக்குள்ள அடைச்சிருக்கிற எண்ணெய இளக்கும். பாசிட்டிவ் முனை அமிலம், அது துவாரத்தை இறுக்கும். பகல்ல சரியா சொல்றேன், ராத்திரி கேட்டா மாத்திச் சொல்றேன். கடைசில பாப்பாதான் வழி சொன்னா, "அம்மா, நெகட்டிவ்னா நெய் உருகுறதுன்னு வச்சுக்கோ". ரெண்டுமே ‘நெ’. இப்போ நல்லா நிக்குது.

மண்டையோட்டுல 22 எலும்பு, அதுல முகத்துக்கு 14. மூளையிலேர்ந்து முகத்துக்கு வர்ற நரம்புல அஞ்சாவதும் ஏழாவதும் கண்டிப்பா கேப்பாங்களாம். கூட படிக்கிற வியட்நாம் அக்கா அவங்க பாஷையிலயே பரீட்சை எழுதப் போறாங்க. தமிழ்ல இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தியும் லேபர் டேயும் ஒரே நாள்ல, அதனால எல்லாருக்கும் லீவு. பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு போய்ட்டு வந்து கொழுக்கட்டை சாப்பிட்டுட்டு சாயங்காலம் புக்கை எடுத்தேன்.

இன்னிக்கு படிச்சது ஃபிட்ஸ்பேட்ரிக் ஸ்கேல். 1975ல அந்த டாக்டர் உண்டாக்கினது, வெயில்ல எவ்வளவு எரியும் எவ்வளவு கறுக்கும்னு வச்சு தோலைப் பிரிக்கிற கணக்கு. முதல்ல வெள்ளைத் தோலுக்கு மட்டும் நாலு வகைதான் இருந்துச்சாம், நம்மள மாதிரி ஆளுங்களுக்கான அஞ்சும் ஆறும் பின்னாடி சேர்த்தது. நான் அஞ்சு.

அடுத்த பக்கத்துல ஒரு வரி. நிறம் உண்டாக்குற செல், மெலனோசைட், எல்லா மனுசருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அது உண்டாக்குற நிறத் துகளோட அளவும் அது பரவி நிக்கிற விதமும்தான் வேற. இதை நாலு தடவை படிச்சேன். ஆச்சி என்னை கடலை மாவும் மஞ்சளும் போட்டு தேய்ச்ச தேய்ப்பெல்லாம் ஞாபகம் வந்துச்சு. பாவம், பாசத்துலதான் தேய்ச்சா.

சரி, அந்த இன்னொரு காரணம். கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி எங்கூர் பார்லர் ஒண்ணுல எனக்கு முகத்துக்கு பிளீச் போட்டாங்க. கண்ணுல தண்ணியா கொட்டுது, தாடை ஓரம் தீயா எரியுது, எரியுதுக்கான்னு சொன்னா "கொஞ்சம் பொறுத்துக்கோ, அப்பதான் கலர் வரும்"னாங்க. தாடையோட வலது பக்கம் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு கறுப்பா விழுந்துச்சு, போறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, கல்யாண ஆல்பம் பூரா இடது பக்கத்தையே காட்டிட்டு நிக்கிறேன். உன் தோலே அப்படித்தான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். தோல்ல புண்ணோ சூடோ பட்டா அந்த எரிச்சல்ல மெலனோசைட் கூடுதலா நிறத்தைக் கொட்டிடும், நம்ம மாதிரி தோல்ல அது ரொம்ப தூக்கலா தெரியும், அதனால நம்ம தோலை இன்னும் மெதுவா தொடணும். தப்பு தோல்ல இல்லைன்னு தெரிஞ்சுக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. என் கைல வர்ற எந்தப் பொண்ணும் எரியுதுன்னு சொன்னா அந்த நிமிஷமே துடைச்சு எடுக்கணும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கடைக்கு ஒரு காலேஜ் பொண்ணு, நம்மாளுதான், மேலுதட்டுக்கு வேக்ஸ் வேணும்னு வந்தா. உதடெல்லாம் வெடிச்சு செதில் செதிலா இருக்கு. பருவுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறியா கண்ணுன்னு கேட்டேன், ஆமா ஆன்ட்டி, அக்யூட்டேன், நாலு மாசமான்னா. வேக்ஸ் போடுற அக்காகிட்ட போய் வேண்டாம்க்கான்னு சொல்லிட்டேன். அந்த மாத்திரை தோலோட மேல் அடுக்கை மெல்லிசாக்கிடும், வேக்ஸ் இழுத்தா முடியோட தோலும் வந்துரும், நிறுத்தி ஆறு மாசமாவது ஆகணும். பொண்ணுக்கு கொஞ்சம் மொகம் வாடிப்போச்சு, இருந்தாலும் கேட்டுக்கிட்டா. போன வருஷமா இருந்தா எனக்கு இதைக் கேக்கவே தோணியிருக்காது.

செப்டம்பர் 19, வியாழன்

இன்னிக்குதான் எக்ஸாம். இமெல்டா புயல் மழை விடாம கொட்டுது, தெருவுல முழங்கால் தண்ணி, காலைலயே மையம் மூடியிருக்குன்னு மெசேஜ் வந்துருச்சு. அவரு ஆஃபீஸ் போகல, பாப்பாவுக்கு ஸ்கூல் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஹார்வி புயலுக்கு வந்த அதே பயம் வயித்துல. படிக்க உக்காந்தா ஒண்ணும் ஓடல, ரசம் வச்சேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பாஸ்! 84! ஸ்கிரீன்லயே வந்துருச்சு.

சுத்தம் பத்திதான் நிறைய கேட்டாங்க. கழுவுறது வேற, கிருமிநாசினில போடுறது வேற, கிருமிய முழுசா அழிக்கிற ஸ்டெரிலைஸ் வேற. முதல்ல சோப்புத் தண்ணில கழுவணும், அப்புறம்தான் முக்கணும், அழுக்கோட போட்டா மருந்து வேலை செய்யாது, முழுசா முங்கியும் இருக்கணும். நெய்க் கேள்வியும் வந்துச்சு. பார்க்கிங்ல கார்ல உக்காந்து அம்மாவுக்கு போன் போட்டேன், அங்க ராத்திரி பதினோரு மணி இருக்கும், தூக்கத்துல எடுத்து "என்னட்டி ஆச்சு"ன்னு பயந்துட்டா, அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

அக்டோபர் 7, திங்கள்

சரஸ்வதி பூஜை. பிராக்டிகல் 22ஆம் தேதி. புக், நூல்கண்டு, ட்வீசர், கத்தரி எல்லாத்தையும் சாமி முன்னாடி வச்சேன். ட்வீசரை நேத்தே கழுவி பத்து நிமிஷம் நீலக் கலர் கிருமிநாசினில முக்கி எடுத்து, காயவச்சு, மூடி போட்ட டப்பாவுல போட்டாச்சு. அவரு சந்தனம் குங்குமத்தோட வந்து ட்வீசருக்கு பொட்டு வைக்கப் போனாரு, வேண்டாங்க, டப்பா மேல வைங்கன்னேன். டப்பாவுக்கும் புக்குக்கும் பொட்டு வச்சோம்.

மேசையில பெட்ஷீட் விரிச்சு பாப்பாவைப் படுக்க வச்சு தலைக்கு துண்டு கட்டி, கிளென்சிங் பண்ணிப் பாத்தேன். அழுக்குத் துணிக்கு ஒரு பை, குப்பைக்கு ஒரு பை, ரெண்டுலயும் லேபிள். கீழேர்ந்து மேல, கழுத்து, தாடை, கன்னம், நெத்தி. நெத்திக்கு வர்றதுக்குள்ள அவ தூங்கிட்டா, நான் முழுசா முடிச்சுட்டுதான் எழுப்பினேன். 31 நிமிஷம் ஆச்சு, இன்னும் கொஞ்சம் வேகமா பண்ணணும், நாளைக்கு விஜயதசமி, காலைல மறுபடி ஒரு தடவை பாக்கணும்.