அத்தையோடு பாலியில் ஆறு இரவு

"நான் வரலைம்மா, நீங்க புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்றுதான் அத்தை முதலில் சொன்னார். ஏன் என்று கேட்டால் முட்டிவலி, விமானத்தில் காது அடைக்கும், மாட்டை யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில்தான் உண்மையான காரணம் வெளியே வந்தது. நாலு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையில் மூன்று நாள் ஓட்டலில் தங்கியிருந்தோம். "அந்த ரூமுல கட்டிப்போட்ட மாடு மாதிரி உக்காந்திருந்தேன், திரும்ப என்னால ஆகாது" என்றார். அதை நான் மறக்கவில்லை. பாலிக்குப் போவது என்று முடிவானதும் ஓட்டல் பக்கமே போகாமல் வாடகை வீடு தேட ஆரம்பித்தது அவருக்காகத்தான்.

நாங்கள் எட்டுப் பேர். அத்தை, மாமா, நாங்கள் இரண்டு பேர், பெரியவன், சின்னவள், நாத்தனார், அவர் மகள். பாலக்கோடு பக்கத்தில் வீடும் கொஞ்சம் நிலமும். ஆடிப்பட்டம் வரை காட்டில் பெரிய வேலை இல்லை, பள்ளிக்கூடமும் லீவு, பாலியிலும் மழை விட்டுப்போகிற சமயம் என்பதால் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். பெங்களூரிலிருந்து பாலியின் தலைநகரான டென்பசாருக்கு நேர் விமானம் இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்கு இது பெரிய வசதி, ஓசூர் தாண்டி பெங்களூர் நெரிசலைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேருவதுதான் பாடு, ஏறி உட்கார்ந்தால் ஏழு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது கடிகாரம்.

விசா அங்கே இறங்கியும் வாங்கலாம், இங்கிருந்தே ஆன்லைனிலும் எடுக்கலாம். ஆளுக்கு 5,00,000 ருபியா, அதுதான் இந்தோனேசியாவின் பணம். அதுபோக 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் பாலி நிர்வாகம் தனியாக 1,50,000 ருபியா வாங்குகிறது. லட்சம் என்றதும் மாமா பயந்துவிட்டார். சிவப்பு நிறத்தில் இருக்கும் ஒரு லட்ச ருபியா நோட்டு நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல், அவ்வளவுதான் என்று சொன்ன பிறகு நிம்மதியானார். பிறகு பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரும்போதெல்லாம் "அம்பதாயிரம் குடுத்தேன்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

வீடு பாலியின் உள்பகுதியில் இருக்கும் உபுத் ஊரில். மூன்று படுக்கையறை, சின்ன நீச்சல் குளம், திறந்த சமையற்கட்டு, முன்னால் முற்றம், அதைத் தாண்டினால் நெல்வயல். ஓர் இரவுக்கு நம் காசில் ரூ.14,000 ஆனது. எட்டுப் பேருக்கு ஓட்டலில் நாலு ரூம் எடுத்து மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். பதிவு செய்வதற்கு முன்னால் வீட்டுக்காரர்களிடம் நான் கேட்டது மூன்று கேள்வி: காஸ் அடுப்பு இருக்கிறதா, பாத்திரம் இருக்கிறதா, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையாவது இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று பதில் வந்தது. நான்காவதாக ஒன்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கார் வாசல் வரை வருமா?

வரவில்லை. விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வந்து, இரவு ஒன்பது மணிக்கு ஒரு கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, இனிமேல் நடக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குச் சிமென்ட் போட்ட வரப்பு, ஒரு பக்கம் வயல், மறுபக்கம் சலசலவென்று வாய்க்கால், கும்மிருட்டு. உபுதில் நிறைய வீடுகள் இப்படித்தான், ஸ்கூட்டர் மட்டும் போகும் என்று பிறகு தெரிந்தது. ஆனால் விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. பெட்டிகளை இரண்டு பையன்கள் ஸ்கூட்டரில் கொண்டுபோய்விட்டார்கள். அத்தையை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் நாத்தனாரும் பிடித்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் இருநூறு முன்னூறு அடி நடந்தோம். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவருக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்த வீடு, முதல் அடியே இப்படி ஆகிவிட்டதே என்று. அத்தை ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில் நின்றார். வலிக்கிறதா அத்தை என்று கேட்டேன். "இரு, தண்ணி சத்தம் கேக்குது பாரு" என்றார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. பதறிப்போய் வெளியே வந்தால், அதே வரப்பில் தனியாக உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் வயலில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது இல்லை. ஆனால் அத்தை கையைக் காட்டி ஏதோ கேட்கிறார், அவர் மண்வெட்டியை நீட்டி ஏதோ சொல்கிறார். என்ன அத்தை என்றேன். "மேல இருக்கிற காட்டுக்கும் இவருக்கும் தண்ணி பங்கு வெச்சிருக்காங்க, கட்டையில வாய் வெட்டி அளவா உடறாங்க பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் இரண்டு வெட்டு, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. நிலத்தின் அளவுக்கு ஏற்ற வெட்டு. அதன் வழியாகத் தண்ணீர் தன்னால் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சுபாக். பல நூறு வருஷமாக பாலி விவசாயிகள் தாங்களே சங்கமாகச் சேர்ந்து தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் முறை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது நாற்று, எப்போது வயலைக் காயப்போடுவது என்பதெல்லாம் தண்ணீர்க் கோயில்களின் பூஜைக் காலத்தோடு சேர்த்தே முடிவாகிறது. 2012-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1970-களில் பசுமைப் புரட்சி என்று சொல்லி, கோயில் கணக்கை விட்டுவிட்டு ஆளாளுக்கு முடிந்தபோதெல்லாம் நடவு செய்யச் சொன்னார்கள். தண்ணீர் பற்றாமல் போனது, புகையான் பூச்சி பெருகி நெல்லை அழித்தது. ஒரு பகுதி முழுவதும் ஒரே சமயத்தில் அறுத்து ஒரே சமயத்தில் தரிசு போட்டால்தான் பூச்சிக்குத் தங்க இடமில்லாமல் போகும், அதைத்தான் அந்தப் பழைய கணக்கு செய்துகொண்டிருந்தது என்று பிற்பாடு ஆராய்ச்சியாளர்களே சொன்னார்கள். இதை ஓட்டுநர் பாதியும் நான் முன்பே படித்திருந்தது பாதியுமாக அத்தையிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் நின்ற காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சியதையும், முறை தவறியதற்காக அவருடைய அப்பா பங்காளியோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததையும் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

தண்ணீர் என்றால் அத்தைக்கு ஏன் இவ்வளவு என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், பல்லில் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-க்குப் பிறகுதானே. பாலியிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, வீட்டில் கேன் தண்ணீர்தான் வைத்திருந்தார்கள். "இவ்வளவு தண்ணி ஓடுற ஊருலயும் கேன் வாங்கறாங்களா" என்று அவர் வருத்தப்பட்டது எனக்கும் உறைத்தது.

சமையற்கட்டுக்கு வருகிறேன். பழம், செடி, விதை எதுவும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது என்பதால் கறிவேப்பிலைகூட எடுத்துவர விடவில்லை நான். கேழ்வரகு மாவு இரண்டு கிலோ, புளி, மிளகாய்த்தூள், பருப்பு, எல்லாம் பொட்டலம் கட்டி, சுங்கப் படிவத்தில் உணவுப் பொருள் என்று குறித்துக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு வேலியில் முருங்கை மரம் இருப்பதை அத்தை கண்டுபிடித்தார். அங்கே அதற்குக் கெலோர் என்று பெயர், அவர்களும் கீரையை உருவிச் சாறு வைப்பார்களாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு கை முறித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி களி.

களி கிண்டும் துடுப்பு இல்லை. மறுநாள் சந்தையில் வாங்கினோம், அன்றைக்கு நீளமான மரக்கரண்டிதான். அரிசி நொய்யை வேகவைத்து, மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் கரண்டிக் காம்பால் குழி செய்து, மூடி வேகவிட்டார். அப்புறம் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, துண்டைச் சுற்றி இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு கிண்டினார் பாருங்கள், அந்தப் பளிங்குத் தரை, அந்த நீலக் குளம், வயலில் தவளைச் சத்தம், நடுவில் களி வாசனை! வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு வந்து சட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தட்டில் தண்ணீர் தொட்டு உருட்டி முதல் உருண்டையை அத்தை அவருக்குத்தான் கொடுத்தார். முருங்கைக்கீரைச் சாறு ஊற்றி. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சைகையில் சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அந்த அம்மா தினமும் காலையில் குளித்துவிட்டு, கச்சையைக் கட்டிக்கொண்டு, தட்டு நிறைய சானாங் என்ற படையலை எடுத்து வருவார். தென்னங்குருத்தில் செய்த உள்ளங்கை அளவுச் சின்னத் தட்டு, அதில் பூ, ஒரு ஊதுபத்தி. பூவின் நிறத்துக்கும் திசை இருக்கிறது, கிழக்கில் வெள்ளை, தெற்கில் சிவப்பு, மேற்கில் மஞ்சள். வீட்டுக் கோயில், வாசல், குளத்தங்கரை, அடுப்பு மேடை என்று ஒவ்வொரு இடத்திலும் வைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். குருத்தோலை முடைவது அத்தைக்குத் தெரிந்த வேலைதான், திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற கை. நாலாம் நாள் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து, மூங்கில் குச்சியை ஒடித்து ஒடித்துக் குத்தி, ஒரு கூடை நிறைய செய்துவிட்டார்கள். ஓட்டலில் இருந்திருந்தால் அத்தைக்கு யார் வேலை கொடுத்திருப்பார்கள்?

ஊர் சுற்றியதையும் சொல்ல வேண்டும். ஜதிலுவி மலைச்சரிவு வயல்களைப் பார்த்தோம், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சுபாக் இடங்களில் இதுவும் ஒன்று, படிப்படியாக இறங்கும் பச்சை, சிவப்பரிசி விளைகிற இடம். உலுவத்து கோயிலுக்குப் போக அரை நாள் நெரிசலில் போனது, குரங்கு மாமாவின் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு பழம் கொடுத்த பிறகே திருப்பித் தந்தது, பிள்ளைகளுக்கு அதுதான் பயணத்திலேயே பெரிய சம்பவம். எனக்குப் பிடித்தது தீர்த்த எம்புல். கி.பி. 962-இல் எழுந்ததாகச் சொல்லும் கோயில், தரையிலிருந்து ஊற்று கொப்பளித்து வந்து கல் தூம்புகள் வழியாகக் குளத்தில் விழுகிறது. அங்கேயும் அதற்குப் பெயர் தீர்த்தம்தான். பச்சைத் துணி சுற்றிக்கொண்டு வரிசையில் நின்று ஒவ்வொரு தூம்பிலும் தலை நனைக்க வேண்டும், இறந்தவர்களுக்கான சடங்குத் தூம்புகள் இரண்டை விட்டுவிட வேண்டும். அத்தை தண்ணீருக்குள் இறங்கும்போது "நம்ம தீர்த்தமலை மாதிரியே இருக்கு" என்றார். அரூர் பக்கம் தீர்த்தமலையில் பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுவதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. முட்டிவலியைப் பற்றி அன்றைக்கு ஒரு பேச்சு இல்லை.

குளம் இருக்கிற வீடு எடுப்பவர்களுக்கு ஒன்று. அங்கே குளத்தைச் சுற்றி வேலி இருக்காது. சின்னவளுக்கு ஆறு வயசு. பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லி, ராத்திரி முற்றத்துக் கதவைப் பூட்டிச் சாவியை என் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். இதில் மட்டும் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

ராத்திரியில் கூரையிலிருந்து "டொக்கே, டொக்கே" என்று பெரிய பல்லி கத்தும். அத்தை பல்லி சொல்வதைச் சகுனமாகப் பார்ப்பவர். அங்கேயும் அது எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள் என்று ஓட்டுநர் சொன்னதிலிருந்து, விளக்கை அணைத்த பிறகு எட்டுப் பேரும் ஆளுக்கொரு கட்டிலில் படுத்து எண்ணுவோம். ஒரே கூரை என்பதால் ஒருவர் எண்ணிக்கையை விட்டால் அடுத்த அறையிலிருந்து மற்றவர் திருத்துவார். பெரியவனுக்குப் பதினாலு வயசு, வீட்டில் இருந்தால் அறைக் கதவைத் திறக்காதவன், அவன்தான் சத்தமாக எண்ணினான்.

கிளம்பும் நாள் காலை மீதி மாவை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெட்டிகளை ஸ்கூட்டரில் அனுப்பிவிட்டு நடந்தோம். வந்த இரவில் இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த அதே வரப்பில் அத்தை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், கையில் சந்தையில் வாங்கிய துடுப்பு. வாய்க்கால் பிரியும் இடத்தில் நின்றார். அந்த மண்வெட்டிக்காரருடைய வயல் மடை அடைத்திருந்தது, தண்ணீர் முழுக்க எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்கு அவங்க மொறை" என்றார் அத்தை, காரை நோக்கி நடந்துகொண்டே.