கட்டுவிரியன் நடமாடும் மாதங்கள்

பாம்பு வீட்டுக்குள் வருவது நம்மைத் தேடி அல்ல; எலி, தவளை, பல்லியைத் தேடி. வாசல் கதவின் அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள். சாக்கடைக் குழாய் வாய்க்குக் கால் அங்குலக் கம்பிவலை போதும். அதைவிடப் பெரிய கண் என்றால் சுண்டெலி நுழைந்துவிடும், பின்னாலேயே பாம்பும். விறகைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

கட்டுவிரியன்தான் பெரிய கவலை. பளபளக்கும் கரிய உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள், நடமாட்டம் இரவில். தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, இமையைத் தூக்க முடியவில்லை என்றால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கயிறு கட்டாமல், கீறாமல், உடனே 108-ஐ அழையுங்கள்.

கொசுவலையின் ஓரத்தை நாலு பக்கமும் பாய்க்கடியில் செருகிப் படுங்கள். பூண்டுத் தண்ணீர் தெளித்தால் பாம்பு வராது என்று நம்பி வெறுந்தரையில் படுக்க வேண்டாம்.