மாஸ்க்குக்குள் இருந்து ‘ஸ்’ சொன்னால் குழந்தைக்குக் கேட்காது

ஸ்பீச் தெரபி ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி: ‘ஸ் ஒலிக்குப் பதில் இல்லை. காது மெஷின் செட்டிங்கைக் கூட்டவும்.’ வீட்டில் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல ‘ஸ்’ என்றாலே திரும்புகிற பிள்ளைக்கு எழுதப்பட்ட வரி அது. ஒலியைச் சொன்னவர் என்95 போட்டுக்கொண்டு சொன்னார், தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. மெஷினைச் செட் செய்யும் ஆடியாலஜிஸ்ட்டின் மேசைக்குப் போகும்போது காகிதம்தான் பேசும், அறை பேசாது. மாஸ்க் விதி வைத்திருக்கும் மையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் கேட்டில் நடக்கும் சண்டையைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். உண்மையான நஷ்டம் இந்த வரியில் இருக்கிறது.

விதி எப்போது இருக்கும், எப்போது போகும் என்பதற்குக் கணக்கே இல்லை. தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரில் மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்தது, 2022 ஜனவரியில் அது 500 ஆனது, பிறகு தளர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் மறுபடி கட்டாயம் என்றார்கள். அதற்கப்புறம் ஊரில் காய்ச்சல் கிளம்பும்போதெல்லாம் ‘முகக்கவசம் அணியவும்’ போர்டு திரும்ப ஏறுகிறது. சில தனியார் மையங்களில் இறக்கவே இல்லை. அதனால் முதல் நாள் மாலையே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ‘மாஸ்க் வேணுமா?’ என்று மட்டும் கேட்டால் ‘வேணும்’ என்ற பதில்தான் வரும். ‘பிள்ளைக்கு வேணுமா, கூட வர்றவங்களுக்கா, தெரபி ரூமுக்குள்ளயும் கழட்டக் கூடாதா?’ என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். வேதாரண்யத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து தஞ்சாவூர் வந்து சேருகிறவர்களுக்கு இந்த ஒரு போன் கால் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

கேட்டில் வரும் கேள்வி தெரிந்ததுதான். ‘பாப்பாவுக்கு மாஸ்க் எங்கம்மா?’ மத்திய சுகாதாரத் துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் பரிந்துரைக்கப்படவில்லை. 6 முதல் 11 வரை, பிள்ளையால் சரியாகப் போட முடிந்தால், பெரியவர் பார்வையில் போடலாம். 12-க்கு மேல் பெரியவர்கள் மாதிரி. வயது எதுவானாலும், தானாகக் கழற்றத் தெரியாத பிள்ளைக்கு மாஸ்க் கட்டிவிடக் கூடாது. மூச்சு முட்டினால் அதற்குச் சொல்லத் தெரியாது. இதையெல்லாம் செக்யூரிட்டியிடம் வாதாடிப் பயனில்லை. ‘அண்ணே, அஞ்சு வயசுக்குள்ள கட்டாயம் இல்லண்ணே’ என்றால், ‘என்கிட்ட சொல்லாதம்மா, உள்ள கேளு’ என்பார். உள்ளே போனால்தானே கேட்க முடியும்? இதற்கு ஒரே மருந்து, முந்தைய அப்பாயின்ட்மென்ட்டிலேயே ஓபி சீட்டின் பின்பக்கம் ‘செவித்திறன் குறைபாடுள்ள குழந்தை, மாஸ்க் தேவையில்லை’ என்று தெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்கி, சீல் போட வைப்பது. சீல் முக்கியம். வெறும் கையெழுத்துக்குக் கேட்டில் மரியாதை கிடையாது. ஊதா மை தெரிந்தால் கதவு திறக்கிறது.

பெரிய பிள்ளை மாஸ்க் போட்டே ஆக வேண்டும் என்றால் ஆபத்து காதில். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின், கண்ணாடிக் காம்பு, மாஸ்க் எலாஸ்டிக் என்று மூன்றும் ஒரே இடத்தில் நெருக்குகின்றன. கழற்றும்போது எலாஸ்டிக்கை முன்பக்கமாக இழுத்தால் மெஷினும் கூடவே தெறித்து வரும். பஸ் ஸ்டாண்டில் தெறித்தால் தேடிக் கண்டுபிடிப்பது கடவுள் செயல். எலாஸ்டிக்கைக் காதில் மாட்டாமல், தலைக்குப் பின்னால் போகும் பட்டையில் மாட்டுங்கள். இரண்டு விரல் அகலத் துணிப்பட்டை, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய சட்டைப் பட்டன், அவ்வளவுதான். வீட்டிலேயே தைத்துவிடலாம். நான்கு கயிறு வைத்துக் கட்டும் மாஸ்க் இன்னும் நல்லது; மேல் கயிறு காதுக்கு மேலாக ஏறி உச்சந்தலைக்குப் பின்னால் முடிச்சு விழ வேண்டும். காக்ளியர் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்திய பிள்ளைக்கு, மண்டையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டக் காயிலின் மேல் பட்டையோ கயிறோ போகவே கூடாது. அசைந்தால் காயில் விலகும், சத்தம் அறுந்துபோகும், பிள்ளை ‘கவனிக்கவில்லை’ என்று பெயர் வாங்கும். மெஷினைச் சட்டைக் காலரோடு இணைக்கும் கிளிப் கயிறு இல்லாமல் வெளியே கிளம்ப வேண்டாம்.

மாஸ்க் துணி மெஷினின் மைக் துளையில் உரசினாலும் கரகரவென்று கேட்கும். மைக்கைத் துணி மூடினால் விசிலடிக்கும். பிள்ளை காதைப் பிடுங்கினால் பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

நம் பக்கத்து வெயிலிலும் புழுக்கத்திலும் மூன்றடுக்கு மாஸ்க் பஸ்ஸிலேயே நனைந்துவிடும். நனைந்தால் மூச்சு இழுக்கச் சிரமம், பேச்சும் மங்கும். பஸ்ஸுக்கு ஒன்று, ஹாலில் காத்திருக்க ஒன்று, அறைக்குள் போட ஒன்று, உபரி ஒன்று என்று தனிக் கவரில் எடுத்துப் போங்கள். அதே மாஸ்க்கோடு வரிசையாகப் பிள்ளைகளைப் பார்க்கும் தெரபிஸ்ட்டுக்கும் இதே கதிதான். மதியத்துக்குள் குரல் கட்டியிருக்கும். காலை முதல் ஸ்லாட் கேளுங்கள். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்த ‘ஸ்’. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பிள்ளை கேட்கிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு செஷனிலும் முதல் வேலை. ஒலி கேட்டால் பிள்ளை டப்பாவில் ஒரு பாசிமணியைப் போட வேண்டும். ‘ம்’, ‘ஊ’ தாழ்ந்த சுருதி ஒலிகள், மாஸ்க் அவற்றை அதிகம் தொடாது. ‘ஷ்’ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், ‘ஸ்’ 4,000-க்கும் மேல். மாஸ்க் வெட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். மூன்றடுக்கு மாஸ்க் அங்கே 3, 4 டெசிபல் குறைக்கும். என்95 ஏறக்குறைய 12 டெசிபல் வரை குறைக்கலாம். காது நன்றாகக் கேட்கும் நமக்கு இது ஒன்றுமே இல்லை. கேட்கும் எல்லையின் விளிம்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த 12 டெசிபல்தான் ‘இருக்கிறது’க்கும் ‘இல்லை’க்கும் உள்ள தூரம். ‘சத்தமாச் சொல்றேன்’ என்று கத்துவதும் உதவாது. கத்தினால் உயிரொலிதான் பெருகும், ‘ஸ்’ அந்த அளவுக்குக் கூடாது.

ரிப்போர்ட்டைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மெஷின் போட்ட நிலையில் எடுத்த ஆடியோகிராமைப் பாருங்கள்; எந்த ஒலி எவ்வளவு மெல்லியதாக வந்தால் கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது. அதில் ஒலி கருவியிலிருந்து வருகிறது, வாயிலிருந்து அல்ல. மாஸ்க்குக்கு அங்கே வேலை இல்லை. 4,000 ஹெர்ட்ஸில் 30 டெசிபலுக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்திருக்க, ‘ஸ்’ மட்டும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் சந்தேகத்தை முதலில் மாஸ்க் மேல் வையுங்கள். தேவையில்லாமல் செட்டிங்கைக் கூட்டினால் விசிலடிக்கும், சத்தம் குத்தும், பிள்ளை மெஷினையே வெறுக்கும். வெறுத்த பிள்ளையை மறுபடி போட வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

சரியான வழி, பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆறு ஒலிகளையும் சொல்வது; தெரபிஸ்ட் மாஸ்க்கோடு எதிரில் உட்கார்ந்து பதிலைக் குறித்துக்கொள்ளட்டும். விதியும் பெரிதாக உடையாது, பிள்ளையும் உதட்டைப் பார்க்காது. பிறகு இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். ஒரே தாளத்தில் சொல்லாதீர்கள். பிள்ளை இடைவெளியை எண்ணி மணியைப் போட்டுவிடும். சொல்லும் நேரம் மட்டும் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். இதைக் கேட்டதும் ‘அதெல்லாம் வழக்கம் இல்லை’ என்று முகம் சுளித்தவர்கள், ‘ஸ்’ஸுக்கு மணி டப்பென்று டப்பாவில் விழுந்ததும் பேசாமல் எழுதிக்கொண்டார்கள். அப்படியும் சம்மதிக்காத இடத்தில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: எந்த மாஸ்க், எத்தனை மீட்டர், ஃபேன் ஓடியதா என்று முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால் ஆடியாலஜிஸ்ட் கை வைக்குமுன் யோசிப்பார்.

‘கேட்டுப் பழகும் பயிற்சியில் வாயை மறைப்பதுதானே முறை, மாஸ்க் நல்லதுதான்’ என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதி உண்மை. அந்தப் பயிற்சியில் வாயை மறைக்க எம்பிராய்டரி வளையத்தில் ஸ்பீக்கர் துணியை இழுத்து மாட்டிப் பிடிப்பார்கள். அந்தத் துணி ஒலியை விடும், உதட்டை மட்டும் மறைக்கும். தேவையான நேரத்துக்குப் பிடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். முக்கால் மணி நேரமும் மூடியிருக்கும் மாஸ்க் அந்த வேலையைச் செய்யாது.

வாய்ப் பகுதியில் பிளாஸ்டிக் வைத்த மாஸ்க்கை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். உதடு தெரியும், ஒலி குறையும். பல பிளாஸ்டிக் மாஸ்க்குகள் சாதாரண மூன்றடுக்கைவிட அதிகமாகவே உயர்ந்த ஒலிகளை அடைக்கின்றன. அதோடு நம் ஈரக்காற்றில் சீக்கிரமே பனி படிந்துவிடும். உள்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டைத் தடவி, காயவிட்டு, மெல்லத் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளும் பிள்ளைக்கும் காது மந்தமான பெரியவருக்கும் பேச்சுப் புரிய இது உதவும். ஆறு ஒலிச் சோதனைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

உச்சரிப்புப் பயிற்சிதான் மாஸ்க்கால் முழுதாகப் படுத்துவிடுகிறது. ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கு எங்கே போகிறது என்று காட்டாமல் எப்படிச் சொல்லித் தருவது? கண்ணாடி முன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்ட வேண்டிய வேலை அது. இதை மாஸ்க்கோடு நடத்தும் செஷன் வீண். அதற்குப் பதில், அந்த வார ஒலியைத் தெரபிஸ்ட் தனியாக இருக்கும்போது மாஸ்க் இல்லாமல் செல்போனில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். அறையில் தெரபிஸ்ட் சொல்லச் சொல்ல, வாயைத் திறந்து காட்டுவது அம்மாவின் வேலை.

பக்கவாதம் வந்த பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சுப் பயிற்சியை மாஸ்க்கோடு எப்படியாவது ஒப்பேற்றலாம், விழுங்கும் சோதனையை முடியாது. தண்ணீரும் கஞ்சியும் ஸ்பூனில் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதையும் இருமலையும் பார்க்க வேண்டும். இருமல் வரும் என்பதால் பொது ஹாலில் மாஸ்க்கைக் கழற்ற விடமாட்டார்கள், அது நியாயம்தான். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ‘விழுங்கும் சோதனை, தனி அறை வேண்டும்’ என்று சீட்டில் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் அறை காலியில்லை என்று அடுத்த வாரம் வரச் சொல்வார்கள், வண்டி வாடகை உங்கள் தலையில்.